சமையற்கூடத்தில் கிடைத்த விடை

அன்று ஜப்பானின் தலைநகராக விளங்கிய கியோட்டோவில் 1200-ஆம் ஆண்டு டோகென் பிறந்தார். உயர்குடியைச் சேர்ந்த அவர், ஏழு வயதிலேயே தம் தாயாரை இழந்தார். இறுதிச் சடங்கின்போது ஊதுவத்திப் புகை மேலெழுந்து மறைவதை அச்சிறுவர் பார்த்தார். மனித வாழ்வும் அதுபோல நிலையற்றது என்னும் எண்ணம் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. 1213-ஆம் ஆண்டில் ஹியே மலையிலிருந்த மடத்தில் அவர் புத்தத் துறவியானார்.

மடத்தில் நூல்களைக் கற்கக் கற்க, ஒரு கேள்வி டோகெனை வாட்டியது. எல்லா உயிர்களிடமும் புத்தத் தன்மை இயல்பாகவே இருக்கிறது என்று ஆசிரியர்கள் கற்பித்தனர். அப்படியானால், துறவிகள் ஏன் கடுமையாகப் பயிற்சி செய்ய வேண்டும்? அவருக்கு மனநிறைவான விடை கிடைக்கவில்லை. விடை தேடி, 1223-ஆம் ஆண்டில் அவர் சீனாவுக்குக் கப்பலேறினார்.

கப்பல் சீனத் துறைமுகத்தில் நின்றிருந்தபோது, 61 வயதுத் துறவி ஒருவர் அங்கு வந்தார். அவர் ஒரு மடத்தின் தலைமைச் சமையற்காரர். மறுநாள் துறவிகளுக்குச் சமைப்பதற்காக ஜப்பானியக் காளான் வாங்க நெடுந்தொலைவு நடந்தே வந்திருந்தார். டோகென் அவருக்குத் தேநீர் கொடுத்து, அன்றிரவு கப்பலில் தங்குமாறு வேண்டினார். சமையல் வேலை காத்திருப்பதாகக் கூறி முதியவர் மறுத்தார். இந்த வயதில் தியானம் செய்யாமலும் நூல்களைப் படிக்காமலும் ஏன் சமையலில் துன்பப்பட வேண்டும் என்று டோகென் வினவினார். முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். பயிற்சி என்றால் என்னவென்று இந்த இளைஞருக்கு இன்னும் புரியவில்லை என்று சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் புறப்பட்டுச் சென்றார்.

பின்னர் டோகென் தியாந்தோங் மலை மடத்தில் தங்கினார். ஒரு நாள் நண்பகலில், 68 வயதுச் சமையற்காரர் ஒருவர் சமையலுக்கான பொருள்களை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தார். அவர் முதுகு வில்லாக வளைந்திருந்தது. தலையில் தொப்பிகூட இல்லை. பணியாளர்களிடம் இவ்வேலையை ஒப்படைக்கலாமே என்று டோகென் கேட்டார். பிறர் செய்தால் அது தாம் செய்ததாகாது என்றார் முதியவர். வெயில் தணிந்த பிறகு செய்யலாமே என்று டோகென் மீண்டும் கேட்டார். இந்த நேரத்தை விட்டால் வேறு எந்த நேரத்துக்காகக் காத்திருப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார். டோகெனால் பதில் பேச முடியவில்லை.

அம்மடத்தின் தலைவர் ருஜிங்கிடம் தியானம் பயின்ற டோகென், 1227-ஆம் ஆண்டில் நாடு திரும்பினார். அவரை வாட்டிய கேள்விக்கு விடை கிடைத்திருந்தது. பயிற்சி என்பது என்றோ ஒருநாள் கிடைக்கப்போகும் பலனுக்காகச் செய்வதன்று. முழுமனத்துடன் பயிற்சி செய்யும்போதே புத்தத் தன்மை வெளிப்படுகிறது என்று அவர் உணர்ந்தார்.

ஆனால், அவர் தங்கிய கியோட்டோ மடத்தில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே தலைமைச் சமையற்காரர் பெயரளவில்தான் இருந்தார். அவர் சமையற்கூடத்துக்குள் செல்வதையே இழிவாகக் கருதி, எல்லாவற்றையும் பணியாளரிடம் விட்டுவிட்டார். இது டோகெனை வருத்தியது. 1237-ஆம் ஆண்டில் மடத்துச் சமையற்காரர்களுக்காகவே அவர் ஒரு நூல் எழுதினார். அரிசியைத் தாமே களைந்து, கல்லும் மணலும் நீக்க வேண்டும். ஒரு மணி அரிசியும் வீணாகக்கூடாது. எளிய கீரையையும் விலையுயர்ந்த பொருளையும் ஒரே அக்கறையோடு சமைக்க வேண்டும். பிள்ளையைப் பேணும் பெற்றோரைப் போல உணவைப் பேண வேண்டும் என்று அதில் அறிவுறுத்தினார். முகம் கழுவுவது, கழிப்பறையைப் பயன்படுத்துவது, உண்பது போன்ற அன்றாடச் செயல்களையும் கவனத்தோடு செய்யும் முறைகளை அவர் எழுதிவைத்தார்.

1244-ஆம் ஆண்டில், இன்றைய ஃபுக்குய் மாநிலத்தின் மலைப்பகுதியில் அவர் ஒரு மடத்தை நிறுவினார். அதுவே பின்னர் எய்ஹெய்ஜி என்று பெயர் பெற்றது. ஓடையில் அள்ளிய நீரில் பாதியைப் பயன்படுத்தி, மீதியை அவர் ஓடைக்கே திருப்பி விடுவார் என்று அங்கே சொல்லப்படுகிறது. 1253-ஆம் ஆண்டில் டோகென் காலமானார். எய்ஹெய்ஜியில் வாழும் துறவிகள் இன்றும் தியானத்தைப் போலவே சமைப்பதையும், தரை துடைப்பதையும் தங்கள் பயிற்சியாகவே செய்து வருகின்றனர்.