செஞ்சித் தேசிங்கு

செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இருக்கிறது. அச்சமயத்தார் போற்றும் சீவக சிந்தாமணியை இயற்றியவர் திருத்தக்கதேவர் என்பதைத் தமிழுலகம் மறந்ததில்லை. 1887-ல் உ. வே. சாமிநாதையர் அந்நூலை அச்சேற்றிய போதும் ஆசிரியர் பெயர் ஆசிரியருக்கே உரியதாக நின்றது. அதே சீமையில், தூரத்தே தெரியும் மலைக்கோட்டை யாருடையது என்று வழிப்போக்கர் எவரை வினவினும், தேசிங்கு ராஜனுடையது என்றே விடை வரும். அவன் கதையைப் பாடியவர் யார் என்று வினவினால் விடை வராது. கோட்டையை ஓராண்டுகூட ஆளாத ஒருவனுக்கு அதை என்றைக்கும் உரிமையாக்கிக் கொடுத்த புலவன், தன் பாட்டைத் தனக்கென்று வைத்துக்கொள்ள இயலாமற் போனான். இவ்விருவர் கதையையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.

மராத்தியர் வசமிருந்த செஞ்சியை நீண்ட முற்றுகைக்குப் பின் 1698-ல் அவுரங்கசீப்பின் சேனை கைப்பற்றிற்று. பிறகு புந்தேலகண்டத்து ராஜபுத்திரனாகிய சொரூப்சிங் அக்கோட்டைக்கு அதிபதியானான். 1714-ல் அவன் மாண்டபோது, ஆர்க்காட்டுக்குச் செலுத்தவேண்டிய பணம் பல வருஷத்துப் பாக்கியாக நின்றது. வடக்கே இருந்த அவன் குமாரன் தேஜ்சிங், இளம் மனைவியோடும் உயிர்த்தோழன் மஹபத்கானோடும் தெற்கே வந்து தந்தையின் ஸ்தானத்தை ஏற்றான். தேஜ்சிங் என்னும் பெயரே நம்மவர் நாவில் தேசிங்கு ஆயிற்று.

பாதுஷா தன் தந்தைக்கு அளித்தது தனக்கும் உரியது என்பது தேசிங்கின் கட்சி. புதிய அங்கீகாரம் பெறாமல் பதவியில் அமர்தல் செல்லாது, பாக்கியையும் தீர்த்தாக வேண்டும் என்பது நவாப் சாதத்துல்லாகானின் கட்சி. நியாயஸ்தலத்தில் வழக்காடியிருந்தால் இரு பக்கத்திலும் பேச இடமுண்டு. நவாபின் பக்கம் சற்று வலுவானதென்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் இருபத்திரண்டு வயது வாலிபனுக்கு வழக்காடும் பொறுமை ஏது? பணம் கேட்டு வந்த தூதை மறுத்தான். பல்லாயிரம் படையோடு வந்த நவாபை, சில நூறு குதிரை வீரரோடு எதிர்த்துச் சென்றான். 1714, அக்டோபர் 3-ந் தேதி களத்தில் மாண்டான். மஹபத்கானும் அப்போரில் மாய்ந்தான். தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே நவாப் இராணிப்பேட்டையை நிறுவினான் என்பர்.

இதை ஹிந்து முஸ்லிம் யுத்தமாகச் சித்திரிக்கப் பிற்காலத்தில் ஆசை கொண்டவர் உண்டு. அவர்கள் படைகளின் அணிவகுப்பைப் பார்க்கட்டும். தேசிங்குக்காக உயிர்நீத்த தோழன் முஸ்லிம். நவாபின் அணியில் நின்றவர்களில் ஹிந்துப் பாளையக்காரரும் உண்டு. சண்டை பாக்கிப் பணத்துக்கும் பதவிக்கும் நடந்த சண்டையே.

சரித்திரம் இவ்வளவுதான்; ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். பெயர் தெரியாத நம் புலவன் இந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு செய்த வேலையோ பெரிது. எவருக்கும் அடங்காத குதிரையைப் பாலன் தேசிங்கு அடக்கி, அதன் பயனாகப் பெண்ணையும் பெறுகிறான். மணமாலையோடு நிற்கும் வேளையில் ஓலை கண்ட தோழன், முகூர்த்தத்தை விட்டு நீலவேணி என்னும் தன் பரிமீதேறிப் பறக்கிறான். சிங்கவரத்து அரங்கநாதர் இன்று போருக்குப் போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், தேசிங்கு கேட்பதில்லை. அம்மூர்த்தியின் முகம் சாய்ந்திருப்பதற்கு இன்றும் ஜனங்கள் கூறும் காரணம் இதுவே. பாக்கிக் கணக்கைத் தோழமையின் காவியமாக மாற்றியவன் சாமானியனல்லன்.

தெருக்கோடிகளில் பாடப்பட்ட இக்கதையைச் சென்னைப் பிரசுரகர்த்தர்கள் பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சிட்டார்கள். கண் மங்கிய கிழவரும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பாமரரும் வாங்கத்தக்க மலிவுப் பதிப்பு. திருவிழாக்கடையிலும் சந்தையிலும் விற்கும் சரக்கு. இதனால் கதை அழியாமல் பிழைத்தது. அந்தத் தொண்டை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் இவ்வியாபாரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை முதலிய கதைப்பாடல்களின் முகப்பில், நளவெண்பாப் பாடிய புகழேந்திப் புலவர் பெயரைப் பொறித்துவிடுவார்கள். பெரிய பெயருக்கு விற்பனை அதிகம். பாட்டின் உண்மையான ஆசிரியனைத் தேடும் செலவும் மிச்சம். பிறர் பொருளைத் தன்னதென்று சொல்பவனைத் திருடன் என்கிறோம். ஒருவன் பொருளை வேறொருவன் பெயரில் விற்பவனுக்கு என்ன பெயர் சூட்டுவது என்று சட்டம் படித்த நமக்கே விளங்கவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. 1938-ல் அமெரிக்காவில் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு வாலிபர்கள் தாம் படைத்த சூப்பர்மேன் என்னும் சித்திரக்கதை வீரனை 130 டாலருக்கு விற்றார்கள். அவ்வீரன் காலந்தோறும் புதுச்சட்டை உடுத்தி மீண்டும் மீண்டும் புறப்பட்டான். பிரசுராலயத்தின் பெட்டி நிறைந்தது. படைத்தவர்களோ வறுமையில் வாடினர். 1975-ல்தான் அவர்களுக்கு வருஷாந்தரத் தொகையும், கதையின் முகப்பில் பெயரும் கிடைத்தன. 1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸ் வாயிலாகத் தமிழ்ச் சிறுவரை ஆட்கொண்ட இரும்புக்கை மாயாவி பிரிட்டனிலிருந்து வந்தவன். மறுபதிப்பு வெளிவருந்தோறும், அன்றைய சிறுவர்கள் நரைத்த தலையோடு வந்து வாங்குகிறார்கள். அவனைத் தீட்டிய ஸ்பெயின் தேசத்துச் சித்திரக்காரர் ஜீசஸ் பிளாஸ்கோவின் பெயரை அவர்களில் எத்தனை பேர் அறிவர்?

தேசிங்குக்கும் புதுச்சட்டைகள் வந்தன. 1960-ல் வெளியான ராஜா தேசிங்கு படத்தில் எம். ஜி. ராமச்சந்திரன் தேசிங்காகவும் தாவூத்கானாகவும் இரு வேடம் தாங்கினார். பாட்டில் உயிர்கொடுத்த மஹபத்கான் பெயரும் மாறித் தோழமையின் உருவமும் மாறிவிட்டது. 2013-ல் வந்த தேசிங்கு ராஜா நகைச்சுவைப் படம். பெயர் ஒன்றே போதுமென்று எடுத்துக்கொண்டார்கள். சட்டம் இதைத் தடுக்காது. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டமும் அதன் திருத்தமும் ஆசிரியன் மறைவுக்குப் பின் அறுபது ஆண்டு வரையில்தான் காவல் நிற்கின்றன. ஊர்ப்பாட்டு ஊருக்கெல்லாம் பொது. பொதுவாயிருப்பதே நல்லது என்பதும் நம் எண்ணம். எவரேனும் வேலி போட்டிருந்தால் தேசிங்கு என்றோ செத்திருப்பான். எடுத்தாளுகிறவர்கள் எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு வரி எழுதுவதற்குச் சட்டத்தின் கட்டளை வேண்டுமா என்பதே நம் கேள்வி.

கோட்டையின் பெயர்ப்பலகையும் மாறிக்கொண்டிருக்கிறது. 2025-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராத்தியரின் ராணுவத் தலங்கள் என்னும் தொகுதியில் செஞ்சியையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. சிவாஜி 1677-ல் அதைப் பிடித்து வலுப்படுத்தியது மெய்யாகையால் இதில் தவறில்லை. கோனார்கள், நாயக்கர்கள், பீஜப்பூரார், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோருமே அதற்கு உரிமை பாராட்டியவர்கள். கோட்டைக்கு வெளியே, நீலாம்பூண்டியில் மஹபத்கானின் சமாதியென்று ஒன்றையும், அவன் குதிரையின் சமாதியென்று ஒன்றையும் கிராமத்தார் காட்டுகிறார்கள். திரைப்படத்தில் அவனுக்கு இட்ட பெயரை அங்கே எவரும் சொல்வதில்லை. பாட்டில் உள்ள பெயரையே சொல்கிறார்கள்.