அச்செழுத்து வேந்தர் போதோனி

இத்தாலிய தேசத்தின் வடமேற்கிலுள்ள சலுட்சோ என்னும் ஊரில், 1740-ஆம் ஆண்டு, அச்சுத்தொழில் புரிந்த குடும்பமொன்றிலே ஜாம்பத்திஸ்தா போதோனி பிறந்தார். தந்தையாரிடம் தொழில் பயின்று, பதினெட்டாம் வயதில் உரோமாபுரிக்குச் சென்று, வேதம் பரப்பும் சங்கத்தின் அச்சுக்கூடத்தில் அமர்ந்தார். மிஷனெரிமாருக்கெனக் கீழ்த்திசை மொழிகளில் நூல்கள் அச்சேறிய இடம் அது. அயல்நாட்டெழுத்துக்கள்பால் அவருக்கிருந்த நீங்காத பற்று ஆண்டே வேரூன்றிற்று.

பின்னர் இங்கிலாந்து செல்லக் கருதியவர், பெற்றோரைக் காண வந்தவிடத்து நோயுற்றுத் தங்கிவிட்டார். அந்நோய் பார்மா நகருக்கு நன்மையாய் முடிந்தது. 1768-இல் அந்நகரத்துக் கோமான் பெர்தினாந்து அவரைத் தம் அச்சுக்கூடத் தலைவராக்கினார். முதலிற் பிரெஞ்சுத் தொழிலாளர் பூர்னியேயின் எழுத்துக்களையே அவர் பின்பற்றினார். நாளடைவில் தமக்கென ஒரு வடிவங் கண்டார்.

அவ்வடிவத்தை யாம் ஒருவாறு கூறுவோம். நெடுங்கோடுகள் தூண்போற் பருத்திருக்கும். குறுக்குக்கோடுகளும் அடிமுனைக் கோடுகளும் மயிரிழைபோல் மெலிந்திருக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதொன்று இல்லை. ஒரே உயரமுடைய எழுத்தையே அகலமாகவும் நெருக்கமாகவும் பலபடியாக அவர் வெட்டினார். ஒடுங்கிய எழுத்தாயின், நீண்ட செய்யுளடியும் மடங்காமல் ஒரு வரியில் நிற்கும். பக்கமோ கமுகந்தோப்புப்போல் நிமிர்ந்து தோன்றும். பிற்காலத்தார் இவ்வியல்பைத் தலைப்புகளுக்கும் விளம்பரங்களுக்கும் பயன்படுத்தினர். அமெரிக்காவில் 1937-இல் ஜெரி பவல் வரைந்த ஆனிக்ஸ் என்னும் ஒடுங்கிய எழுத்து அவ்வழி வந்ததே. ஆயினும், மட்டமான தாளிற் சிறிய அளவில் அச்சிட்டால் மெல்லிய கோடுகள் மறைந்துபோம், கண்ணும் கூசும். தேர்வுக்கு முன்னிரவில் படித்தற்கு இஃது ஏற்ற எழுத்தன்று என்பது எம் கருத்து.

புகழுக்குக் குறைவில்லை. பெஞ்சமின் பிராங்கிளின் 1787-இல் அவரைப் பாராட்டிக் கடிதம் வரைந்தார். ஆனால், பாரிஸ் நகரத்துத் திதோ குடும்பத்தார் அவருடைய வெர்ஜில் பதிப்பிலுள்ள எழுத்துப்பிழைகளை எடுத்துக்காட்டினர். குற்றச்சாட்டு நியாயமானதே. பாடத்தினும் பக்கத்தின் அழகையே அவர் பெரிதாகக் கருதினார் என்பதை மறைப்பதில் பயனில்லை. தமிழ் ஏடுகளின் பாடபேதங்களோடு நாளும் மல்லாடும் எமக்கு இக்குறை சிறிதாகத் தோன்றவில்லை.

எனினும் ஒரு நூலின்முன் எம் குறைகூறும் நா அடங்குகிறது. 1805-இல் பாரிஸ் அச்சுக்கூடத்தார் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை 150 மொழிகளில் வெளியிட்டிருந்தனர். அவ்வாண்டு பார்மா வழியே சென்ற ஏழாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் அதனைக் குறிப்பிட, போதோனி மறு ஆண்டே அதே ஜெபத்தை 155 மொழிகளில் அச்சிட்டளித்தார். அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. இதிற் போட்டியும் உண்டு, பக்தியும் உண்டு; இரண்டையும் பிரித்தறிய எம்மால் இயலவில்லை.

தம் எழுத்துக்களனைத்தையும் ஒரு மாதிரிநூலாகத் தொகுக்கும் பணி முற்றுமுன், 1813 நவம்பர் 30-ஆம் நாள் அவர் இறந்தார். 1791-இல் அவரை மணந்த மார்கரீத்தா அம்மையார் அச்சுக்கூடத்தை மூடவில்லை. கணவரோடு உழைத்த தொழிலாளரைக்கொண்டு ஐந்தாண்டு பாடுபட்டு, 1818-இல் அந்நூலை இரண்டு பாகங்களாக, கணவர் பெயராலேயே வெளியிட்டார்.