கை கழுவச் சொன்ன டாக்டர்

கடலூரோ சிதம்பரமோ, எந்த ஆஸ்பத்திரியானாலும் குறைமாசக் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கும் வார்டுக்குள் போகிற தாயை முதலில் கை கழுவச் சொல்வார்கள். சின்ன விஷயமாகத் தெரியும். இதற்காக ஒரு டாக்டர் தன் வாழ்க்கையையே கொடுத்திருக்கிறார். அவர் பெயர் இக்னாஸ் செம்மல்வைஸ்.

1818 ஜூலை 1-ல் ஹங்கேரி நாட்டின் புடா நகரில் பிறந்தார். அப்பா மளிகை வியாபாரி. டாக்டருக்குப் படித்து, 1846-ல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் உதவி டாக்டராகச் சேர்ந்தார்.

அங்கே ரெண்டு வார்டு. முதல் வார்டில் டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். ரெண்டாவதில் மருத்துவச்சிகள். அந்த வருஷம் முதல் வார்டில் நூறு தாய்மாரில் 11 பேர் பிரசவக் காய்ச்சலில் செத்தார்கள். மருத்துவச்சிகள் வார்டில் 3 பேர்கூட இல்லை. ஊர்ப் பெண்களுக்கு இது நல்லாவே தெரியும். முதல் வார்டு வேண்டாம் என்று மண்டி போட்டுக் கெஞ்சினார்கள். வழியிலேயே பிள்ளை பெற்று வந்தவர்களுக்குக்கூட அந்தக் காய்ச்சல் குறைவாகத்தான் வந்தது. பெரிய டாக்டர்களோ கெட்ட காற்றுதான் காரணம் என்றார்கள்.

1847 மார்ச்சில் செம்மல்வைஸின் நண்பர் கோலெட்ஷ்கா, பிரேதப் பரிசோதனையில் மாணவன் கையிலிருந்த கத்தி பட்டு, அந்தப் புண்ணிலேயே இறந்தார். அவர் உடம்பில் கண்ட அதே அடையாளங்கள், செத்துப்போன தாய்மார் உடம்பிலும் பச்சைப்பிள்ளைகள் உடம்பிலும் இருந்தன. விஷயம் புரிந்துவிட்டது. டாக்டர்களும் மாணவர்களும் பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை.

மே மாதத்திலிருந்து குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவின பிறகுதான் தாயைத் தொடலாம் என்று கட்டளை போட்டார். செலவு கட்டுப்படியாகாமல், பிறகு குளோரின் சுண்ணாம்புக்கு மாறினார். கெடிலத்திலும் வெள்ளாற்றிலும் வெள்ளம் வடிந்ததும் தெருவில் தூவுகிறோமே, அந்த பிளீச்சிங் பவுடர்தான் அது! ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 சொச்சமாக இறங்கியது.

ஆனாலும் பெரியவர்கள் ஏற்கவில்லை. தன் கைதான் உயிரைக் குடித்தது என்று ஒத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? 1849-ல் அவருக்கு வேலையை நீட்டிக்கவில்லை. கை கழுவச் சொன்னவரையே கைகழுவி விட்டார்கள். சொந்த நாட்டுக்குத் திரும்பி, பெஸ்ட் நகர ஆஸ்பத்திரியிலும் சாவைக் குறைத்துக் காட்டினார். அவரிடமும் குறை உண்டு. கண்டதை முழுப் புத்தகமாக எழுதவே பத்து வருஷத்துக்கு மேல் ஆக்கினார். எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று ஏசிக் கடிதம் போட்டார். மனம் கலங்கியவரை 1865-ல் மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். ரெண்டே வாரத்தில், ஆகஸ்ட் 13-ல், புண் சீழ்பிடித்து ரத்தத்தில் கிருமி ஏறி இறந்தார். வயது 47. அவர் சொன்னது சரி என்பதை பாஸ்டர், லிஸ்டர் போன்றவர்களின் வேலை பிறகு உறுதிப்படுத்தியது.

இன்றைக்கும் ஆபத்து போகவில்லை. டெல்லியில் 3 பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வில், நோய்த்தொற்று கண்ட பச்சிளம் குழந்தைகளிடம் அதிகம் இருந்தவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா என்ற கிருமிகள். பல மருந்துகளுக்கு இவை அடங்குவதில்லை. இவை கை வழியாகவும் குழாய் வழியாகவும் பரவும்.

ஆகவே, நம்ம குழுவில் யார் வீட்டுப் பிள்ளையாவது பெட்டியில் இருந்தால் கும்பலாகப் பார்க்கப் போகாதீங்க. தாய் உள்ளே போகும்போது வளையல், மோதிரத்தைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவட்டும். தாய்ப்பாலும் கிருமியிலிருந்து காக்கும். அதைக் கொடுக்க வழி கேளுங்க. பிள்ளையைத் தொடப் போகிறவர் டாக்டரே ஆனாலும், கை கழுவியாச்சா என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை. வியன்னா பெண்கள் கெஞ்சியது யார் காதிலும் ஏறவில்லை. நாம கெஞ்ச வேண்டாம், கேட்டாலே போதும்.