மாண்டிசோரி அம்மையார்

தவழும் குழந்தை கண்ணிற் பட்ட பொருளையெல்லாம் பற்ற முயல்கிறது. பற்றியதைக் கீழே போட்டு உடைக்கிறது. நாம் அதனைக் குறும்பு என்று கடிந்துகொள்கிறோம். அது குறும்பன்று, கை கற்கும் கல்வியே என்று உலகிற்கு உணர்த்தியவர் மரியா மாண்டிசோரி அம்மையார் ஆவார்.

அவர் இத்தாலி நாட்டில் 1870ஆம் ஆண்டு பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதைப் பலரும் விரும்பாத அக்காலத்தில், தடைகளைக் கடந்து 1896இல் உரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய சிறுவர்களிடையே பணியாற்றியபோது, கைகளுக்குத் தக்க வேலை அளித்தால் அவர்தம் அறிவும் விழிப்பதைக் கண்டார்.

1907இல் உரோம் நகரத்து ஏழை மக்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். ஒரு நாள் மூன்று வயதுச் சிறுமியொருத்தி, மரக்கட்டையின் குழிகளில் வெவ்வேறு பருமனுள்ள உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். மற்றக் குழந்தைகளைச் சுற்றி நின்று பாடச் செய்தார் அம்மையார். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமீது வைத்தார். சிறுமியோ கட்டையை மடியில் அணைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். 40 முறைக்கு மேல் அதனைச் செய்து முடித்த பின்னரே, துயில் நீங்கியவள்போல் விழித்துப் புன்னகை செய்தாள். நம் வீடுகளில் அவளை அவ்வளவு நேரம் விட்டுவைத்திருப்போமா என்பது ஐயமே.

பிறந்த குழந்தையின் கை, கண்ணின் ஏவலைக் கேளாது. ஏறத்தாழ ஐந்தாம் திங்களில் கண்ட பொருளை உள்ளங்கையால் வாரிப் பிடிக்கும். ஓராண்டு நிரம்பும் வேளையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கூடிச் சிறு பயற்றையும் எடுக்கும். சிந்தாமல் நீர் வார்க்கவும் பொத்தான் மாட்டவும் பின்னும் சில ஆண்டுகள் வேண்டும். இதில் குழந்தைக்குக் குழந்தை வேறுபாடும் உண்டு. ஆதலின் அம்மையார் இத்தகைய வேலைகளையே பாடமாக வைத்தார். உருளையின் குமிழை மூன்று விரல்களாற் பற்றிப் பழகிய கை, பின்னர் எழுதுகோலையும் எளிதிற் பற்றியது.

1939இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று அவர் சென்னை அடையாற்றிற்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசினர் பகைநாட்டவர் என்று அவருடைய மகனார் மரியோவைக் காவலில் வைத்தனர். அம்மையாரின் 70ஆம் பிறந்த நாளையொட்டி விடுவித்தனர். அத்துன்பத்திலும் அவர் பணி நிற்கவில்லை. அடையாற்றிலும் கோடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். பிறந்த நாள்முதல் குழந்தை வளரும் வகையை ஆராய்ந்தார். இந்தியாவில் ஆற்றிய விரிவுரைகள் 1949இல் அடையாற்றிலிருந்து நூலாக வெளிவந்தன. 1952ஆம் ஆண்டு மே மாதம் ஆலந்து நாட்டுக் கடற்கரை ஊரொன்றில், தமது 81ஆம் வயதில், அம்மையார் காலமானார்.