அறிஞர் ஆபிரகாம் கோவூர்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றிடம் சென்றோர் வரிசையில் நாமும் உள்ளோம். பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களில் குடியமர்ந்தவர்களும், போடிமெட்டும் குமுளியும் ஏறித் தேயிலை, ஏலத் தோட்டங்களுக்கு வந்தவர்களுமாகத் தமிழ்க் குடும்பங்கள் பல இம்மாநிலத்தில் வேரூன்றி நெடுங்காலம் ஆகிறது. தமிழ் நிலத்திலிருந்து மலையாள நிலத்திற்கு வந்தவர்கள் நாம். மலையாள நிலத்தில் பிறந்து, தமிழர் நடுவே சென்று ஆசிரியராய் அமர்ந்து, அவர்தம் மக்களுக்கு அறிவு புகட்டிய பெரியார் ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நினைவு கூர்வது பொருத்தமே. அவர்தாம் அறிஞர் ஆபிரகாம் கோவூர்.

கோவூர் 1898-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் திருவிதாங்கூரைச் சேர்ந்த திருவல்லாவில் பிறந்தார். தந்தையார் மார்த்தோமா சபையின் மதிப்பிற்குரிய குருமார்களுள் ஒருவர். வேதமும் வழிபாடும் நிறைந்த இல்லத்தில் வளர்ந்த பிள்ளை, உயர்கல்விக்காகத் தம் சகோதரருடன் கல்கத்தா சென்று வங்கவாசிக் கல்லூரியில் பயின்றார். தாவரவியலே அவர் விரும்பிக் கற்ற துறை.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை அவர் பிற்காலத்தில் அடிக்கடி எடுத்துரைப்பது வழக்கம். கல்கத்தாவில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது கங்கை நீர் கொண்டுவர வேண்டும் என்று ஊரார் கேட்டிருந்தனர். பிள்ளைகளோ மறந்துவிட்டனர். செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் புகைவண்டியில் வரும்போதுதான் நினைவு வந்தது. ஊரும் நெருங்கிவிட்டது. கொட்டாரக்கரை நிலையத்தில் இறங்கி, அங்குக் கிடைத்த தண்ணீரைப் புட்டிகளில் நிரப்பிக்கொண்டு போய்க் கங்கை நீர் என்றே ஊராரிடம் கொடுத்துவிட்டனர். இளமைக் குறும்பு அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த முறை ஊருக்கு வந்தபோது, அந்த நீரால் தங்கள் நோய் தீர்ந்ததென்று நன்றியுடன் கூற ஆட்கள் வந்தனர்.

வேறொருவராயிருந்தால் நகைத்துவிட்டுப் போயிருப்பார். கோவூர் சிந்தித்தார். அம்மக்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையாகவே குணமாகியிருந்தது. தண்ணீரோ நிலையத்துத் தண்ணீர். அப்படியாயின் குணமாக்கியது எது? இக்கேள்வியே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியின் வித்து எனலாம்.

இதற்கு இன்றைய மருத்துவ அறிவு தரும் விடையை நாம் யாவரும் அறிந்திருத்தல் நலம். சளி, வயிற்றுப்போக்கு, சாதாரணக் காய்ச்சல் போன்ற பல நோய்கள் சில நாட்களில் தாமாகவே தீர்வன. முதுகுவலி, மூட்டுவலி முதலியவை ஏறுவதும் இறங்குவதுமாய் இருப்பன. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதன் மருந்தைத் தேடி ஓடுகிறான். அதன் பின் எப்படியும் இறங்க வேண்டிய வலி இறங்கும்போது, கடைசியாக உண்ட பொருளுக்கே புகழ் சேருகிறது. மருந்து என்று நம்பி உண்டாலே மனம் ஆறுதல் பெற்று, வலியும் சற்றுக் குறைவதுண்டு. குணமானவர் ஊரெல்லாம் சொல்லுவார். குணமாகாதவர் வாய் திறவார். இந்த நான்கும் சேர்ந்தால் நிலையத்துத் தண்ணீரும் அருமருந்தாகிவிடும்.

கோட்டயத்தில் சிறிது காலம் ஆசிரியப் பணி புரிந்த கோவூர், 1928-இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு அழைக்கப்பெற்றார். கடல் கடந்து சென்ற அவர் பின்னர் இலங்கையையே தம் நாடாகக் கொண்டார். யாழ்ப்பாணத்தில் அவரிடம் வேத பாடமும் ஒப்படைக்கப்பட்டதாம். மாணவர் அனைவரும் தேர்வில் சிறப்பாக வெற்றி பெற்றனர்; ஆயினும் மறு ஆண்டு அப்பாடம் அவருக்குத் தரப்படவில்லை. மதிப்பெண் கூடிய அளவுக்கு மாணவரின் நம்பிக்கை குறைந்துவிட்டதே தலைமை ஆசிரியரின் கவலை என்பர். பின்னர் காலி ரிச்மண்ட் கல்லூரி, கல்கிசை சென்ட் தாமஸ் கல்லூரி, கொழும்பு தர்ஸ்டன் கல்லூரி ஆகியவற்றில் பணியாற்றி 1959-இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு என்பது பலருக்குச் சாய்வு நாற்காலி. கோவூருக்கோ அதுவே பொதுவாழ்வின் தொடக்கம். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக 1960 முதல் தம் இறுதிக் காலம் வரை தொண்டாற்றினார். பேய் உலவுவதாகப் பெயர் பெற்ற வீடுகளில் வாசம் செய்தார். ஆகாத வேளை என்று பிறர் அஞ்சும் நேரத்தில் பயணம் புறப்பட்டார். பேய் பிடித்ததாகவும் செய்வினை வைத்ததாகவும் கூறப்பட்ட வீடுகளுக்கு நேரில் சென்று, வீட்டார் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்தார். கல் வீசும் பேய்க்குப் பின்னே பெரும்பாலும் ஒரு மனிதக் கை இருந்தது. அந்தக் கைக்குப் பின்னே சொல்ல முடியாத ஒரு துயரம் இருந்தது. ஹிப்னாடிசம் எனப்படும் மனவசிய முறையால் அவர்களுக்கு ஆறுதல் அளிக்க முயன்றார். இந்த அனுபவங்களை அவர் எழுதிய கட்டுரைகள் தமிழிலும் மலையாளத்திலும் நூல்களாகப் பரவின. அவற்றுள் ஒன்றைத் தழுவி, பாலக்காட்டில் பிறந்த இயக்குநர் கே. எஸ். சேதுமாதவன் 1972-இல் புனர்ஜன்மம் என்னும் மலையாளப் படத்தை எடுத்தார். அக்கதை 1973-இல் மறு பிறவி என்னும் பெயரில் தமிழிலும் வந்தது.

1963-இல் அவர் விடுத்த அறைகூவல் உலகறிந்தது. ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அற்புத ஆற்றலை மெய்ப்பிப்பவர் எவராயினும் ஒரு லட்சம் இலங்கை ரூபாய் தருவதாக அறிவித்தார். மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் பண நோட்டின் எண்ணைப் படித்தல், கொதிக்கும் தணலின்மீது அரை நிமிடம் அசையாது நின்றும் கால் கொப்புளிக்காதிருத்தல், ஜாதகக் கட்டுகளைப் பார்த்து ஆண் எது பெண் எது, உயிரோடிருப்பவர் எவர் இறந்தவர் எவர் என்று பிரித்துச் சொல்லுதல் போன்றவை அவர் விதித்த சோதனைகள். போட்டிக்கு வருவோர் ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். அவர் மறையும் வரை அப்பரிசை ஒருவரும் வெல்லவில்லை. பின்னர் இப்பணியை ஏற்றவர் நமக்கு அண்டை ஊரினர். கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த், 2009-இல் காலமாகும் வரை அப்பரிசை அறிவித்து, ஊர் ஊராய்ச் சென்று அற்புதங்களின் சூட்சுமத்தைச் செய்து காட்டி வந்தார்.

கோவூரின் வரலாற்றை எழுதப் புகுந்த நாம், அவருடைய அளவுகோலை அவர்மீதும் வைத்துப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. அவர் மருத்துவர் அல்லர், தாவரவியல் ஆசிரியர். மனவசியத்தால் இன்னார் குணமடைந்தார் என்று அவர் எழுதியவை அவரே கண்டு அவரே சொன்னவை. ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகள் அல்ல. மனநோய் கண்டவரை இன்று தேர்ந்த மனநல மருத்துவரிடமே அழைத்துச் செல்ல வேண்டும். சோதித்த பிறகே நம்புக என்னும் விதியில் கோவூருக்கும் விலக்கு இல்லை.

அவ்விதி நாட்டு மருந்துக்குப் பகையும் அன்று. சர்ப்பகந்தா வேரை நம் முன்னோர் நெடுங்காலம் பயன்படுத்தினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை இரத்தக் கொதிப்பு நோயாளிகளிடம் முறையாக ஆராய்ந்து 1949-இல் வெளியிட்டபின், உலகமே அதனை ஏற்றது. மருந்து பிறந்த இடம் எதுவாயினும் ஆகுக. சோதனையில் தேறியதா என்பதே கேள்வி.

இவ்வளவும் நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பிலேயே பெரியவர் ஒருவர், நீரிழிவுக்கு மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு, சந்தையில் வாங்கிய பெயரில்லாப் பொடியை நம்பினார். பொடி விற்றவர் அடுத்த சந்தைக்கு வரவில்லை. பெரியவர் கால் விரல்கள் இரண்டை இழந்தார். அவர் இழந்தது அறிவின்மையால் அன்று. வாழ்நாள் முழுதும் மாத்திரை என்ற சொல் தந்த சலிப்பினால். அச்சலிப்பைத்தான் பொடி விற்பவர் விலை பேசுகிறார்.

மலைத்தோட்டங்களில் பாம்புக்கடிக்கு விஷக்கல் வைப்போர் இருந்தனர். கடிக்கும் பாம்புகளில் நஞ்சில்லாதவையே மிகுதி. நஞ்சுள்ளதும் ஒவ்வொரு முறையும் நஞ்சைச் செலுத்துவதில்லை. எனவே பிழைத்தவர் பலர் கல்லால் பிழைத்தோம் என்றனர். நாகமோ விரியனோ நஞ்சை இறக்கிவிட்டால் கல் உதவாது. மருத்துவமனையில் நஞ்சுமுறிவு ஊசியே கதி. வெறிநாய்க்கடியோ இன்னும் கொடிது. நோய்க்குறி தோன்றிய பின் பிழைத்தவர் அரிதினும் அரிது. கடித்தவுடன் புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசி தொடங்குதல் ஒன்றே வழி. அத்தடுப்பு மருந்துக்கெனவே 1907-இல் நம் அருகிலுள்ள குன்னூரில் பாஸ்டர் நிலையம் அமைக்கப்பெற்றது. இருந்தும் மந்திரித்துக் கயிறு கட்டி நாளைக் கடத்துவோர் இன்றும் உளர். தீராத நோய்களை மாயமாய்த் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆயினும் சட்டம் வீட்டு வாசலில் காவல் நிற்காது. நம் கேள்விதான் நிற்க வேண்டும். இம்மருந்தால் குணமாகாதவர் எத்தனை பேர்? இதில் என்ன சேர்ந்திருக்கிறது? மருத்துவர் தந்ததை நிறுத்தச் சொல்லுகிறாரா? இம்மூன்றையும் கேட்டால் பாதி வணிகர் மூட்டை கட்டிவிடுவர்.

கோவூர் 1978-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் கொழும்பில் காலமானார். அவர் விருப்பப்படி கண்கள் கண் வங்கிக்கும், உடல் மருத்துவ மாணவர்தம் கல்விக்கும் அளிக்கப்பட்டன. எலும்புக்கூடு தாம் பணியாற்றிய தர்ஸ்டன் கல்லூரியின் அறிவியல் கூடத்திற்குச் சேர வேண்டும் என்றும் எழுதி வைத்திருந்தார். உயிரோடிருந்த காலத்தில் வகுப்பில் நின்று கற்பித்த ஆசிரியர், இறந்த பின்னும் வகுப்பை விட்டு அகலவில்லை.

நம் சங்கத்துப் பிள்ளைகள் மருத்துவராகலாம், ஆசிரியராகலாம், தோட்டத்திலேயே உழைக்கலாம். எவராயினும், ஒருவர் கொடுக்கும் புட்டியில் இருப்பது கங்கையா, கொட்டாரக்கரையா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கும் பழக்கம் அவர்களிடம் வளருமாயின், இம்மலரில் இவ்வரலாற்றை வெளியிட்டதன் பயனை நாம் பெற்றோமாவோம்.