களத்திலிருந்து அனுப்பிய சுருள்கள்: ரொபேர்ட் கப்பாவின் வாழ்வு

கைத்தொலைபேசியில் எடுத்த படம் ஒரு நொடியில் உலகைச் சுற்றிவரும் காலம் இது. 1930களில் போர்க்களத்தில் நின்ற ஒளிப்படக் கலைஞருக்கு அந்த வசதி இல்லை. கழுவாத பிலிம் சுருளை உறையிலிட்டு, நகரத்துக்குப் போகும் யாரோ ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். எந்தப் படம் அச்சாகும், அதன் கீழே என்ன எழுதப்படும், யாருடைய பெயர் வரும் என்பதெல்லாம் அதன் பின் அவர் கையில் இல்லை. ரொபேர்ட் கப்பா வாழ்நாள் முழுவதும் இந்த நிலையோடு போராடினார்.

அவரது இயற்பெயர் எண்ட்ரே ஃபிரீட்மன். 1913 ஒக்டோபர் 22இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில், தையற்கடை நடத்திய யூதக் குடும்பத்தில் பிறந்தார். இடதுசாரித் தொடர்புக்காகக் கைதாகி, 1931இல் நாட்டைவிட்டு வெளியேறினார். பெர்லினில் ஒரு படச் செய்தி நிறுவனத்தின் இருட்டறையில் உதவியாளரானார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அங்கிருந்தும் ஓடி, பரிஸில் தஞ்சமடைந்தார்.

பெயர் தெரியாத அகதியின் படங்களுக்குப் பத்திரிகைகள் சொற்பப் பணமே கொடுத்தன. அவரும் தோழி கெர்டா டாரோவும் 1936இல் ஒரு வழி கண்டார்கள். ரொபேர்ட் கப்பா என்ற பணக்கார அமெரிக்கக் கலைஞர் இருப்பதாகச் சொல்லி, அவர் பெயரில் படங்களை விற்றார்கள். விரைவிலேயே குட்டு வெளிப்பட்டது. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது.

அதே ஆண்டு இருவரும் ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குச் சென்றார்கள். அங்கிருந்து வந்த சுருள்களைப் பரிஸில் நண்பர் சிக்கி வைஸ் கழுவி, பிரதியெடுத்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். சுடப்பட்டுச் சாயும் போராளியின் புகழ்பெற்ற படம் 1936 செப்டெம்பரில் 'வூ' இதழில் வெளியானது. அது எங்கே, எப்படி எடுக்கப்பட்டது என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. அதன் நெகட்டிவ் கிடைக்கவேயில்லை. 1937 ஜூலையில் டாரோ களத்தில் பலியானார். அவர் எடுத்த பல படங்கள் நெடுங்காலம் கப்பாவின் பெயரிலேயே அறியப்பட்டன.

1944 ஜூன் 6இல் நோர்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் அமெரிக்கப் படையினரோடு கப்பா இறங்கினார். சுருள்கள் லண்டனிலிருந்த 'லைஃப்' அலுவலகத்துக்குப் போயின. மிஞ்சியவை பத்துப் பதினொரு படங்கள்தான். உலர்த்தும்போது ஏனையவை உருகிவிட்டன என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. அதைப் பின்னாளில் ஆய்வாளர்கள் சிலர் மறுத்தனர்.

1947இல் கார்ட்டியே-பிரெசோன், டேவிட் சீமோர், ஜோர்ஜ் ரொஜர் முதலியோருடன் சேர்ந்து 'மக்னம்' கூட்டுறவு அமைப்பை அவர் தொடங்கினார். படத்தின் உரிமை வாங்கும் பத்திரிகைக்கு அல்ல, எடுத்தவருக்கே என்பது அதன் அடிப்படை விதி. ஒரே படத்தொகுப்பைப் பல நாட்டு இதழ்களுக்கும் விற்க அதனால் முடிந்தது. ஏழு ஆண்டுகளின் பின், 1954 மே 25இல், வியட்நாமில் படமெடுத்துக்கொண்டு நடந்தபோது கண்ணிவெடியில் சிக்கி இறந்தார். வயது 40.

அவர் கதை அத்தோடு முடியவில்லை. ஜேர்மன் படைகள் பரிஸை நெருங்கியபோது, ஸ்பெயின் நெகட்டிவ்களைக் காப்பாற்ற வைஸ் அவற்றைச் சைக்கிளில் பொர்தோ நகருக்குக் கொண்டுசென்றிருந்தார். கைமாறிக் கைமாறிக் காணாமற்போன அவை மெக்சிக்கோ நகரில் வெளிப்பட்டு, 2007 டிசெம்பரில் நியூயோர்க்கின் சர்வதேச ஒளிப்பட நிலையத்தை அடைந்தன. மூன்று பெட்டிகளில் கப்பா, டாரோ, சீமோர் மூவரும் எடுத்த சுமார் 4,500 நெகட்டிவ்கள் இருந்தன. தோற்றோடி, பிரெஞ்சு முகாம்களில் அடைக்கப்பட்ட ஸ்பானிய அகதிகளின் படங்களும் அவற்றில் அடக்கம்.

எந்தச் சுருள் எதைப் பற்றியது என்று பெட்டி மூடிகளின் உட்புறத்தில் கையால் எழுதப்பட்டிருந்தது. யார், எங்கே எடுத்தார்கள் என்று பிரித்தறிய அந்தக் குறிப்புகள் உதவின. டாரோவின் படங்கள் பல டாரோவின் பெயருக்கே திரும்பின. இடம்பெயர்வுகளில் குடும்பப் படங்களையும் தொலைத்தவர்களுக்கு அந்தக் குறிப்புகளின் பெறுமதி புரியும். மிஞ்சிய படங்களின் பின்புறம் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வைப்பது இன்றும் நம்மால் முடிந்த வேலை.