தணிக்கையைக் கடந்த மெட்டு

டென்மார்க்கின் புகழ்பெற்ற இசையமைப்பாளர் கய் நோர்மன் அண்டர்சன் 1900ஆம் ஆண்டு பிறந்தார். நாடக மேடைக்கும் பேசும் படங்களுக்கும் இனிய மெட்டுகள் பல தந்தார்.

1940 ஏப்ரல் 9 அன்று ஜேர்மன் படையினர் நமது ஓல்போர்க் விமானத்தளத்தைக் கைப்பற்றினர். நாடே அயலார் வசமாயிற்று. அவ்வாண்டிலேயே கொப்பன்ஹேகன் மேடையொன்றில் லீவா வேல் அம்மையார் ஒரு பாடலைப் பாடினார். டேனிஷ் இல்லங்களில் நாம் காணும் பி.எச். விளக்கை வடிவமைத்த போல் ஹென்னிங்சனே அதனை இயற்றியவர், இசை அண்டர்சனுடையது. மேலோட்டமாக நோக்கின் அது காதல் உறவின் கட்டுகளைப் பற்றியது. ஆதலால் தணிக்கைக்குத் தப்பியது. மக்களோ அதில் தம் நாட்டின் விலங்கொலியைக் கேட்டனர்.

போருக்குப் பின்னரும் அவர் திரைக்கு இசையமைத்தார். 1967இல் மறைந்தார். அப்பாடலை டேனியர் இன்றும் கூடிப் பாடுகின்றனர்.